எந்தத் தோட்டம்?

அத்தியாயம் 11

நீலாவதி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மாவை உருட்டித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வீட்டில் அப்படியொரு சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அறையில் உட்கார்ந்து பயிலரங்குத் திட்டத்தை மறுபடியும் அடித்துத் திருத்திக்கொண்டிருந்த புனிதா, பேனாவை வைத்துவிட்டுக் காது கொடுத்தாள். பெற்ற தாய் பாடுவதைக் கேட்க மகளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். புனிதாவுக்கு இல்லை.

போன தீபாவளி நெருக்கத்தில் நீலாவதியின் வாட்ஸ்அப்பை எவனோ பிடுங்கிக்கொண்டதையும், ‘என் மகன் நாதனுக்கு விபத்து, ஆஸ்பத்திரியில் உடனே பணம் கட்டணும்’ என்று அவள் பெயரிலேயே கோயில் மாதர் குழுவுக்குச் செய்தி போனதையும், பெண்கள் பதறியடித்துக்கொண்டு பணம் அனுப்பியதையும் இந்தக் குடும்பத்தோடு இத்தனை வாரம் கூடவே வந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்களில் அதிகம் பதறியவள் புஷ்பவள்ளி. அவள் மகள் இந்துமதிக்கும் நீலாவதியின் மகன் ஹேமநாதனுக்கும் அப்போதுதான் பேச்சு முடிந்து, தட்டு மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருங்கால மருமகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்று கேட்டால் எந்தத் தாய் யோசித்துக்கொண்டு நிற்பாள்?

விஷயம் வெளியானதும், “என் போன ஹேக் பண்ணிட்டாங்க” என்றாள் நீலாவதி. அந்தச் சொல்லைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு விளக்கம் வரவில்லை. “ஹேக்காவது மண்ணாவது, தாயும் மகனும் சேர்ந்து போட்ட நாடகம்” என்று புஷ்பவள்ளி வீட்டில் யாரோ வாயை விட்டார்கள். அன்று மாலையே நாதன் அந்த வீட்டு வாசலில் போய் நின்றான். “எங்கம்மாவத் திருடின்னு சொல்ற வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன்!” என்று தெரு கேட்கக் கத்திவிட்டு வந்தான். இந்துமதி அழுதுகொண்டே கேட் வரை ஓடி வந்ததை அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது இந்துமதிக்குக் கெமாஸில் மாப்பிள்ளை பார்த்தாயிற்று. பத்திரிகையும் அடித்தாயிற்று.

இந்த நிலைமையில்தான் கோயில் செயலாளர் ரவிச்சந்திரன் போன வாரம் புனிதாவைத் தேடி வந்தார். இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிலரங்கு. நெறிமுறை ஹேக்கிங்கும் இணையப் பாதுகாப்பும். பகலில் நீலாய் நகரத்தில் ஒரு கிளினிக்கின் முகப்பில் உட்கார்ந்து, மாலையில் சிரம்பானுக்குப் பஸ் பிடித்துக் கணினிப் பாதுகாப்பு டிப்ளோமா படிக்கும் புனிதாதான் அதை நடத்த வேண்டும். திட்டமிடும் கூட்டம் இன்று மாலை, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில்.

கோயில்காரர் ஒருவர் தன் வீட்டு வாசலை மிதித்ததே நீலாவதிக்குப் பெரிய விஷயம். கூட்டத்துக்குக் கறிபாப் பலகாரம் செய்து அனுப்புவதாக அவளாகவே ஒத்துக்கொண்டாள்.

“நல்லா விவரமா சொல்லிக் குடு பாப்பா,” என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “ஹேக்குன்னா என்னா, மெஷினு எப்படி நம்ம போனுக்குள்ள பூருது, எல்லாத்தையும் பெரிய திரையில போட்டுக் காட்டு. புஷ்பாவும் வந்து பாக்கட்டும். நீலாவதி சொன்னது பொய்யா நெசமான்னு அப்பத் தெரியும்.”

புனிதா எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

நாதன் தோளில் ஒயர்ச் சுருளும் கையில் கடன் வாங்கிய புரொஜெக்டரும் ஆக உள்ளே வந்தான். நீலாய் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை என்றால் மத்தியானம் வரை தூங்குவான். இன்று விடிந்ததும் எழுந்துவிட்டிருந்தான்.

“பசியாறிட்டுப் போடா.”

“மண்டபத்துல கரண்ட்டு ஒழுங்கா இருக்கான்னு பாத்துட்டு வந்துர்றேம்மா.” பொரித்து வைத்த கறிபாப்பில் ஒன்றை எடுத்துச் சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றினான். “ஏய் ஹேக்கரு! என் போன்ல என்னா இருக்குன்னு சொல்லு பாப்போம்.”

“ஒன் மூஞ்சியத்தான் பக்கம் பக்கமாப் புடிச்சு வெச்சிருப்ப.”

“பாத்தீங்களாம்மா? அதுக்குள்ள உள்ள பூந்துட்டா!”

நீலாவதி சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு ஒயரைத் தோளில் சரி செய்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னான்.

“இன்னிக்கு அத்தை வருதாம். மாதர் குழு சார்பா.”

புஷ்பவள்ளியை அவன் இன்னும் அத்தை என்றுதான் சொல்கிறான் என்பதைப் புனிதா கவனித்தாள்.

“வரட்டும்,” என்றான். “எல்லாரு முன்னாடியும் நீ சொல்லு புனிதா. எங்கம்மா மேல தப்பில்லன்னு அவங்க காதால கேக்கட்டும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்.”

நாதனின் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் திரும்பி மறையும் வரை புனிதா காத்திருந்தாள்.

அவளை ஒரு வாரமாகத் தின்றுகொண்டிருந்தது இதுதான். இப்படி வாட்ஸ்அப் கணக்கு கைமாறுவதைப் பற்றிப் போன வாரம் வகுப்பில் பாடம் நடந்தது. கணக்கை வேறொரு போனில் திறக்க ஆறு இலக்க எண் வேண்டும். அந்த எண் உரியவரின் போனுக்குத்தான் வரும். அவர் வாய் திறந்து சொல்லாமல் அடுத்தவனுக்குத் தெரியாது. புனிதா எதையும் ஒரு முறை கேட்டு நம்புகிறவள் அல்ல. வேறு வழிகள் என்னென்ன என்று தேடித் தேடி எழுதி, அம்மாவுக்குப் பொருந்தாததை ஒவ்வொன்றாக அடித்தாள். கடைசியில் அடிக்க முடியாமல் ஒன்றுதான் மிஞ்சியது. அப்போதும் அவளுக்குத் தன் மேல்தான் சந்தேகம். நான் அரைகுறையாகப் படித்தவள். என் புத்திக்கு எட்டாத இன்னொரு வழி இருக்கக் கூடாதா?

“அம்மா, ஒன்னு கேக்கறேன். கோவிச்சுக்கக் கூடாது.”

“கேளு.”

“அன்னிக்கு யாராச்சும் போன் அடிச்சாங்களா? ஆறு நம்பர் மெசேஜ்ல வந்துச்சா? அத யாருக்காச்சும் படிச்சுச் சொன்னீங்களா?”

மாவை மடித்து ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. நீலாவதி அடுப்புத் தீயைக் குறைத்தாள். எண்ணெய் சலசலப்பது அடங்கியது.

“நல்ல பையனாத்தான் பேசுனான் பாப்பா,” என்றாள்.

புனிதா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“தமிழ்லதான் பேசுனான். எடுத்ததும், ‘அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?’னு கேட்டான்.”

இந்த நாட்டில் இரண்டு தமிழர்கள் பஸ் நிறுத்தத்திலோ கல்யாணப் பந்தியிலோ பக்கத்தில் உட்கார நேர்ந்தால், பெயருக்கு முன்னால் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது. ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது. வரிசையான லயத்து வீடுகள் போய்த் தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகள் வந்தன. பிள்ளைகள் கோலாலம்பூர் அடுக்குமாடிகளுக்குக் குடிபோனார்கள். கேள்வி மட்டும் போகவில்லை. பதில் வந்ததும் முகம் மலர்ந்துவிடும். தெரிந்தவர் ஒருவர் பெயர் வந்துவிடும். அரைமணி நேரத்தில் சித்தப்பா முறையோ மாமன் முறையோ வந்துவிடும். அப்புறம் எதை ஒளிப்பது?

“லாபு பக்கம்னேன். ‘அட, எங்கம்மாவும் அங்கதாங்க்கா ரப்பர் மரம் சீவுனாங்க’ன்னான். கட்டைப்பாலத் தோட்டம்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு பாப்பா. வெளியாளுக்கு அந்தப் பேரு எப்படித் தெரியும்? வெள்ளக்காரன் வெச்ச பேருதானே போர்டுல இருக்கு?”

“அந்தப் பேர அவன் சொன்னானா? நீங்க சொன்னீங்களா?”

நீலாவதி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

“நான்தான்... ‘கட்டைப்பாலமா?’ன்னு கேட்டேன். ஆமான்னான்.”

“அப்புறம்?”

“எங்களுக்கு வேலை பிரிச்சுக் குடுத்த நல்லசாமி மண்டோரத் தெரியுமான்னு கேட்டேன். அவரு மடியில வளந்தவன்னான்.”

“மண்டோர் பேரையும் நீங்களே சொல்லிட்டீங்க.”

“சொல்லிட்டேன்.” நீலாவதி கையிலிருந்த மாவைத் தட்டில் வைத்தாள். “திருவிழாவுக்குப் புதுசா ஒரு குழு தொறக்கறாங்களாம். நம்பரு தப்பா என் போனுக்கு வந்துருச்சாம். ‘படிங்கக்கா’ன்னான். படிச்சேன். வைக்கறதுக்கு முன்னாடி, ‘பசியாறிட்டீங்களாக்கா?’ன்னு கேட்டான் பாப்பா. நம்ம நாதன்கூட என்ன ஒரு நாளு அப்படிக் கேட்டதில்ல.”

புனிதா தட்டில் கிடந்த மாவை எடுத்து ஓரத்தை முறுக்கி முடித்தாள்.

“அதுவும் ஹேக்குத்தானே?” என்றாள் நீலாவதி. குரலில் கெஞ்சல் இருந்தது. “உள்ள பூந்துட்டான்ல?”

“ஹேக்குத்தாம்மா. ஆனா மெஷின அவன் ஒன்னும் பண்ணல. உங்ககிட்ட பேசியே வாங்கிட்டான்.”

“அப்ப நான் குடுத்தேன்னு சொல்லுவியா? அந்தத் திரையில போட்டு?”

“உங்க பேர ஏன்மா சொல்றேன்?”

“பேரு எதுக்கு? ஆறு நம்பரு சொன்னாத்தான் உள்ள வர முடியும்னு நீ சொன்னா போதாதா? கேக்கறவங்களுக்கு யாருன்னு தெரியாதா?” நீலாவதி மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலில் இருந்த மாவு ஒட்டியது. “ஊருக்குத் தெரியட்டும். காறித் துப்பட்டும், தொடச்சுக்கறேன். நாதனுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவன் என்னத்த விட்டுட்டு வந்தான்னு ஒனக்குத் தெரியும்ல?”

“தெரியும்மா.”

“வேற ஏதாச்சும் வழி இருக்குன்னு சொல்லிரு. படிச்ச பொண்ணு சொன்னா கேப்பாங்க.”

புனிதா தலையாட்டினாள். ஆட்டிய கணத்திலேயே தன் திட்டத்தில் இரண்டாவது பாடமே ‘ஆறு எண்ணை யாருக்கும் சொல்லாதே’ என்பதுதான் என்று நினைவு வந்து, அதையும் அடித்துத் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் கோயில் மண்டபத்தில் மின்விசிறி கிறீச்சிட்டது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். ரவிச்சந்திரன், பள்ளிப் பெற்றோர் சங்கத்திலிருந்து இரண்டு பேர், வாசலை ஒட்டிய நாற்காலியில் புஷ்பவள்ளி. நாதன் சுவரோரம் குந்தி உட்கார்ந்து ஒயரை ஒட்டிக்கொண்டிருந்தான். புனிதா கறிபாப் டப்பாவைத் திறந்து நடுவில் வைத்தாள். எல்லாரும் எடுத்தார்கள். புஷ்பவள்ளி கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“மொதப் பிரச்சினை இதுதாம்மா,” என்று ரவிச்சந்திரன் ஆரம்பித்தார். “ஹேக்கிங்னு நோட்டீஸ்ல போட்டோம் பாரு, காலையிலேருந்து எனக்குப் போனு. ‘ஏன்யா, கோயில்ல திருட்டுப் படிப்பு சொல்லித் தர்றீங்களா?’ன்னு ஒருத்தரு கேக்கறாரு. ‘என் பையன் ஏற்கனவே அதுல கெட்டிக்காரன், வேணாம்’ங்கறாரு இன்னொருத்தரு.”

சிரிப்பு எழுந்தது. புனிதாவுக்கும் கொஞ்சம் தைரியம் வந்தது. எழுந்து நின்று தாளைப் பிடித்துக்கொண்டாள்.

“அதனாலதான் அங்கிள் மொதப் பாடமே அனுமதின்னு வெச்சிருக்கேன். பூட்டு ஒழுங்கா இருக்கான்னு சோதிக்கறவன், வீட்டுக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான் கதவத் தொடணும். கேக்காம தொட்டா அவன் திருடன். எவ்வளவு தெறமை இருந்தாலும் சரி.”

“ஆங், இதச் சொல்லு. இதத்தான் பெத்தவங்க கேக்கணும்.” ரவிச்சந்திரன் மற்றவர்களைப் பார்த்தார். “பாத்தீங்களா? நம்ம தோட்டத்துப் பொண்ணு.”

புனிதாவுக்குக் காது சூடானது. கிளினிக்கில் யாரும் அவளிடம் கருத்துக் கேட்டதில்லை. வகுப்பில் அவள் கையைத் தூக்கியதில்லை. இங்கே வயதில் மூத்தவர்கள் தன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. பலமான கடவுச்சொல் எப்படி அமைப்பது, மோட்டார் நம்பரையும் பிறந்த தேதியையும் ஏன் வைக்கக் கூடாது, போலி இணைப்பை எப்படி அடையாளம் காண்பது என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். பெற்றோர் சங்கத்துக்காரர் ஒருவர் தன் மோட்டார் நம்பரைத்தான் வைத்திருப்பதாக ஒத்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

“எனக்கு ஒன்னு தெரியணும்,” என்றாள் புஷ்பவள்ளி.

அவள் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் மின்விசிறியைத் தவிர மற்றதெல்லாம் அடங்கியது. ஒயரை ஒட்டிக்கொண்டிருந்த நாதனின் கையும் நின்றது.

“என் தம்பி மகன் சொல்றான், ஆறு நம்பர் சொல்லாம யாரும் யாரு வாட்ஸ்அப்புக்குள்ளயும் பூர முடியாதுன்னு. நீ படிச்சவ. நீ சொல்லு. முடியுமா, முடியாதா?”

“அத்தை, அது...”

“முடியும்னு சொல்லு புனிதா,” என்றான் நாதன் சுவரோரத்திலிருந்து. அவன் எழுந்து நின்றிருந்தான். முகத்தில் இத்தனை மாதம் இல்லாத ஒரு வெளிச்சம். “இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன். நல்லா கேக்கற மாதிரி சொல்லு.”

புனிதா தாளைப் பார்த்தாள். எழுத்து எதுவும் கண்ணில் படவில்லை.

“முடியும் அத்தை,” என்றாள்.

புஷ்பவள்ளியின் கண் அவள் மேலேயே இருந்தது. “எப்படி?”

“சிம்மு. நம்ம பேருல போலி ஐசி, அதான் அடையாளக் கார்டு, அதக் காட்டி, கடையில நம்ம நம்பருக்கு வேற சிம் வாங்கிருவாங்க. அப்ப அந்த ஆறு நம்பர் நேரா அவங்க போனுக்குப் போயிரும். நம்மகிட்ட கேக்கவே வேணாம்.”

அது பொய்யில்லை. அப்படி நடப்பதுண்டு. அவள் அடித்துப் போட்ட வழிகளில் அதுவும் ஒன்று. ரவிச்சந்திரன் தலையை ஆட்டினார். நாதன் பெருமூச்சு விட்டது மண்டபத்துக்கே கேட்டது. புஷ்பவள்ளியின் தோள் லேசாகத் தளர்ந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

அரைகுறையாகச் சொல்லிவிட்டு உட்கார அவளுக்குப் பழக்கமில்லை. நோயைச் சொன்னால் அறிகுறியையும் சொல்ல வேண்டும் என்பது அவள் சுபாவம்.

“ஆனா அத ஒடனே கண்டுபுடிச்சிரலாம் அங்கிள். பழைய சிம்மு செத்துப் போயிரும். லைனே இருக்காது. போன் வராது, நம்மளாலயும் அடிக்க முடியாது. அப்படி ஆச்சுன்னா ஒடனே கடைக்கு ஓடணும்னு பிள்ளைங்களுக்கு...”

நாதன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“லைனு இருக்காதா?”

புனிதா தாளை மடித்தாள்.

“அன்னிக்கு மத்தியானம் அம்மா எனக்கு அடிச்சாங்களே,” என்றான். நெற்றியைச் சுருக்கி, தனக்குத்தானே கேட்டுக்கொள்வதுபோல மெதுவாகச் சொன்னான். “நான் கிடங்குல இருந்தேன். சாதா போன் காலு. ‘நாதா, வாட்ஸ்அப்பு தொறக்க மாட்டேங்குது, வரும்போது பாரு’ன்னாங்க. அவங்க நம்பர்லேருந்துதான் வந்துச்சு. அப்ப லைனு இருந்துச்சே?”

ரவிச்சந்திரன் கையிலிருந்த கறிபாப்பைக் கீழே வைத்தார்.

“புனிதா. லைனு இருந்தா?”

“அண்ணா, வீட்டுல பேசிக்கலாம்.”

“இங்கதான் கேட்டேன். இங்கயே சொல்லு. லைனு இருந்தா, எப்படி?”

அவள் குனிந்தாள். “நம்பரக் குடுத்தாத்தான்.”

நாதன் கையிலிருந்த ஒட்டுநாடாவை நாற்காலி மேல் வைத்தான். ஓசைப்படாமல்தான் வைத்தான். புஷ்பவள்ளியை ஒருமுறை பார்த்தான். ஏதோ சொல்லப் போகிறான் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். சொல்லாமல் வெளியேறினான்.

மோட்டார் கிளம்பியது. பெற்றோர் சங்கத்துக்காரர்கள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்ப நீலா குடுத்திருக்கா,” என்றாள் புஷ்பவள்ளி. ஜெயித்தவளின் குரலாக இல்லை. “என்னா சொல்லிக் கேட்டானாம்?”

“எந்தத் தோட்டம்னு கேட்டானாம் அத்தை.”

புஷ்பவள்ளி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“என்கிட்ட கேட்டிருந்தா நானும்தான் சொல்லியிருப்பேன். அன்னிக்கே அவ எங்கிட்ட வந்து, ‘புஷ்பா, நான் ஏமாந்துட்டேன்’னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா... நான் என்னா, அவளத் தின்னுருவேனா?” குரல் உடைந்தது. “என் பொண்ணு அந்தக் கேட்டப் புடிச்சுக்கிட்டு நின்னாளே. இப்ப பத்திரிகை வெச்சுட்டு வந்துட்டமே.”

புனிதா வீட்டுக்கு வந்தபோது நாதன் அடுப்படி வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருந்தான். நீலாவதி அவனுக்குச் சோறு போட்ட தட்டோடு எதிரில் நின்றிருந்தாள்.

“படிச்சுச் சொன்னீங்களா, இல்லையா?”

“மொதல்ல சாப்புடு நாதா.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

அவன் சிரித்தான். காலையில் சிரித்த வாய்தான். புனிதாவுக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

“எங்கிட்ட ஏன் ஹேக்குன்னு சொன்னீங்க?”

“அப்படித்தான் நெனச்சேன்டா. சத்தியமா. போலீசுல போயி எழுதிக் குடுக்கும்போதுதான் அந்த ஆபீசர் கேட்டாரு, நம்பரு குடுத்தீங்களான்னு. அப்பத்தான் புரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து ஒங்கிட்ட சொல்லலாம்னு பாத்தா, நீ அதுக்குள்ள அவங்க வாசல்ல போய்க் கத்திட்டு வந்துட்ட. ‘அம்மா, ஒங்களுக்காக விட்டுட்டு வந்துட்டேன்’ன்ன. அதுக்கு மேல நான் என்னாத்தச் சொல்ல?”

“மறுநாள் சொல்லியிருக்கலாம்.”

நீலாவதி தட்டை இறுக்கிப் பிடித்தாள்.

“அதுக்கு மறுநாள் சொல்லியிருக்கலாம். அவங்க கெமாஸுக்குப் போயி மாப்ள பாத்தாங்களே, அன்னிக்குச் சொல்லியிருக்கலாம். இந்துமதி எனக்கு எத்தன தடவ போன் அடிச்சுச்சு தெரியுமா? ‘எங்கம்மாவ நம்பாதவ எனக்கு வேணாம்’னு கட் பண்ணிட்டே இருந்தேன். எங்கம்மாவ நம்பாதவ!” அவன் கையை ஓங்கினான். யாரை அடிப்பது என்று தெரியாமல் தன் தொடையிலேயே அடித்துக்கொண்டான். “அது நம்பாததுதான் சரியா இருந்துச்சு. நான்தான் மடையன்.”

சாவியை எடுத்தான்.

“எங்கடா போற? நாதா! பத்திரிகை குடுத்தாச்சுடா, அங்க போகாதடா!”

புனிதா அவன் பின்னாலேயே கேட் வரை ஓடினாள். தெருமுனையில் மோட்டார் வேகம் குறைந்து, திரும்பி, செம்பனை மரங்களுக்குள் மறைந்தது. அவள் திரும்பி வந்தபோது நீலாவதி தட்டிலிருந்த சோற்றைப் பானையில் திரும்பக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

“சொல்ல மாட்டேன்னு தலையாட்டுனியே பாப்பா.”

“நான் சிம்முன்னுதான் சொன்னேன்மா. உங்களக் காப்பாத்தத்தான் சொன்னேன்.”

“அப்புறம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“லைனு போயிரும்னு... அதுக்கு அடையாளம் சொன்னேன்.”

“அதச் சொல்லச் சொல்லி யாரு கேட்டா?”

யாரும் கேட்கவில்லை. புஷ்பவள்ளி கேட்கவில்லை, ரவிச்சந்திரன் கேட்கவில்லை. தன் வாய் சரியாகச் சொல்லும் அழகைத் தானே கேட்டுக்கொண்டிருந்ததால் வந்தது அது. அம்மாவைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை, அது நிச்சயம். ஆனால் அந்தக் கணத்தில் அம்மாவை நினைத்தாளா என்றால், அதற்கும் அவளால் ஆமாம் சொல்ல முடியவில்லை.

“தெனம் ராத்திரி இந்தச் சுவத்தப் பாத்துப் பேசிப் பழகுனியே,” என்றாள் நீலாவதி, “கேக்காம கதவத் தொட்டா திருடன்னு. எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு. எங்கிட்ட கேட்டியா?”

போன் அடித்தது. ரவிச்சந்திரன்.

புனிதா எடுக்கும்போதே கை தவறி ஒலிபெருக்கியை அழுத்திவிட்டாள். அவர் குரல் அடுப்படி முழுக்கக் கேட்டது.

“புனிதா, மனசுல ஒன்னும் வெச்சுக்காதம்மா. நாங்க இங்க பேசிக்கிட்டிருந்தோம். புஷ்பவள்ளி அக்காதான் சொல்றாங்க. பயிலரங்கு அன்னிக்கு உங்கம்மா வந்து நடந்தத நடந்தபடி பிள்ளைங்ககிட்ட பேசுனா என்னான்னு. நம்ம ஆயிரம் படம் போட்டுக் காட்டுனாலும் அதுக்கு ஈடாகாது. அம்மா ஒத்துக்குவாங்களா? கேட்டுப் பாரு. வற்புறுத்த வேணாம்.”

புனிதா அம்மாவைப் பார்த்தாள். நீலாவதி கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

“நான்தான் பேசறேன் தம்பி. வர்றேன்.”

“அக்கா! ரொம்ப சந்தோஷம்க்கா.”

“இனிமே ஒளிச்சு வெக்க என்னா இருக்கு? எம் மகனுக்கே தெரிஞ்சு போச்சு. எந்தத் தோட்டம்னு எவன் கேட்டாலும் வாயத் தொறக்காதீங்கன்னு நானே சொல்றேன். ஆனா ஒன்னு தம்பி.” அவள் மகளைப் பார்க்கவில்லை. “அன்னிக்கு எம் மக அந்த மண்டபத்துல இருக்கக் கூடாது.”

“அக்கா, அதுதானேக்கா நடத்துது?”

“வேற ஆளப் பாருங்க. நகரத்துல இல்லாத ஆளா? அவ இருந்தா நான் வர மாட்டேன்.”

போனை மகள் கையில் திரும்ப வைத்துவிட்டு, நீலாவதி எண்ணெய்ச் சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

“ஹலோ? புனிதா? இருக்கியா? என்னாம்மா இது, இப்ப நான் என்னா பண்றது? நீயே சொல்லு.”

சட்டியைத் தேய்க்கும் சத்தம் அறையை நிறைத்தது. புனிதா கண்ணை மூடித் திறந்தாள்.

“அம்மா பேசட்டும் அங்கிள்,” என்றாள். “என் குறிப்பெல்லாம் அனுப்பி வெச்சிர்றேன். வர்றவங்ககிட்ட குடுத்துருங்க.”

நீலாவதியின் கை ஒரு கணம்கூட நிற்கவில்லை. போனை வைத்த பிறகு அவளேதான் கேட்டாள், முதுகைக் காட்டியபடியே.

“நாதன் எந்தப் பக்கம் திரும்புனான்னு பாத்தியா? நீலாய் பக்கமா, செம்பனை வழியா புஷ்பா வீட்டுப் பக்கமா?”

“பாக்கலம்மா,” என்றாள் புனிதா.

அவள் பார்த்திருந்தாள்.